வெர்மாராவில் ஒரு டஜன் வளையல்

வெர்மாராத் துறைமுகத்தில் காலை எட்டரை மணிக்குக் கப்பலைக் கட்டினார்கள். அதற்குள் தங்கபுஷ்பம் மூன்று பேரம் பேசி முடித்திருந்தாள். சலவைக்காரனிடம் இரண்டு சேலைக்கு ஒரு சேலைக் கூலி. சாப்பாட்டுக் கூடத்துக்காரரிடம் மதியப் பொட்டலத்தில் கூடுதலாக இரண்டு ஆப்பிள். மூன்றாவது பேரம் கணவரோடு. இன்றைக்கு ஊர் சுற்ற வந்தால், அடுத்த இரண்டு ஊர்களில் அவர் கப்பலிலேயே படுத்துத் தூங்கலாம். ஜெயபாண்டி உடனே சரி என்றார். முப்பது வருஷக் குடித்தனத்தில் அவர் கற்ற ஒரே வியாபார நுணுக்கம், புஷ்பம் சொல்லும் முதல் விலைக்கே ஒப்புக்கொண்டுவிடுவது.

விருதுநகர் பஜாரில் அவர்களுக்குப் பாத்திரக்கடை. கடை அவர் பெயரில் இருந்தது, வாய் அவளுடையதாக இருந்தது. இந்தக் கப்பல் பயணம் மகள் வினோதினி எடுத்துக் கொடுத்தது. இருபத்திரண்டு நாளில் அவளுக்கு வளைகாப்பு. பிள்ளை பிறந்துவிட்டால் உன்னை வீட்டு வாசலைத் தாண்ட விடமாட்டேன், இப்பவே போய் உலகத்தைப் பார்த்துவிட்டு வந்துடும்மா என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

உலகம் முகத்தை நம்புவதை விட்டுப் பத்து வருஷமாகியிருந்தது. யார் முகத்தையும் யாருக்கு வேண்டுமானாலும் ஒட்டிக் காட்டலாம் என்று ஆனபிறகு போட்டோ, பாஸ்போர்ட், கைரேகை எல்லாம் பழைய ஈயப்பாத்திர விலைக்கு வந்துவிட்டன. நாடித்துடிப்பு ஒன்றைத்தான் போலியாகச் செய்ய முடியவில்லை. அதனால் ஆளுக்கொரு சாம்பல் நிறப் பட்டை, மணிக்கட்டில். அது நாடியைப் படித்து வைத்துக்கொண்டு, இவர் இன்னார் என்று கதவுகளுக்குச் சொல்லும். ஊரில் இருக்கும் மகளோடு பேசுவதும் அதில்தான். வெளிநாட்டான் பேசுவதைத் தமிழாக்கிக் காதில் போடுவதும் அதுதான்.

கப்பலேறிய அன்று பட்டையைக் கட்டிவிட்ட சிப்பந்தி, குளிக்கும்போது கழற்றலாம், ஆனால் இரண்டு நிமிஷத்துக்குள் மாட்டிவிட வேண்டும் என்றான். நேரம் தாண்டினால் பூட்டிக்கொள்ளும். அதற்குள் மாட்டினால் ஒன்றும் கேட்காது. வெந்நீரில் நாடி கொஞ்சம் மாறுமாம், ஆகவே புதிதாகப் படிக்கிற துடிப்பையே சரி என்று எடுத்துக்கொள்ளுமாம். முதலில் அந்த இரண்டு நிமிஷமும் இல்லை, தோல் அரிக்கிறது என்று பயணிகள் சண்டை போட்டு வாங்கினார்கள் என்று சிரித்தான். புஷ்பமும் சிரித்தாள். வாடிக்கைக்காரர்கள் விடாமல் நச்சரித்தால் எந்தப் பூட்டுக்காரனும் பூட்டில் ஒரு சந்து வைத்துக் கொடுப்பான் என்பது அவளுக்குத் தெரிந்ததுதான்.

வெர்மாரா ஒரு தீவு நகரம். ஊரைச் சுற்றி வளைத்த கோட்டைச்சுவர், உள்ளே மணிக்கூண்டு, எண்ணூறு வருஷத்து மாதாகோயில், தேய்ந்து வழவழத்த கல் பாவிய சந்துகள். கோட்டை வாசலில் பெரிய பலகை ஒன்றில் இரண்டு எண்கள் ஒளிர்ந்தன. விருந்தினர் எண்ணிக்கை ஒவ்வொருவராக நுழைய நுழைய ஏறிக்கொண்டிருந்தது. ஊர்க்காரர் எண்ணிக்கை மட்டும் 2400 என்று அசையாமல் நின்றது.

மஞ்சள் குடை பிடித்த வழிகாட்டிப் பெண் அதற்கு விளக்கம் சொன்னாள். முப்பது வருஷத்துக்கு முன் கடல் ஏறத் தொடங்கியதும் ஜனங்கள் ஊரைக் காலி செய்தார்கள். ஆளில்லாத ஊரில் வெறும் கல்லைப் பார்க்க யார் வருவார்கள்? ஆகவே பாரம்பரிய வாரியம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. கோட்டை போல, மணிக்கூண்டு போல, இங்கே வாழும் இரண்டாயிரத்து நானூறு பேரும் பாரம்பரியச் சின்னங்கள். ரொட்டிக்காரர், மீன்காரி, கடிகாரக்காரர், ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. வீடு, சாப்பாடு, வைத்தியம் வாரியத்தின் பொறுப்பு.

"வெளியூர் போகணும்னு ஆசை வந்தா?" என்று கேட்டாள் புஷ்பம்.

"உங்கள் கோயில் சிலை வெளிநாடு போக ஆசைப்பட்டால் விடுவீர்களா அம்மா? இங்கேயும் அதற்குப் பெயர் கடத்தல்தான். கப்பலையே பிடித்து வைத்துவிடுவார்கள்."

கூட்டம் சிரித்தது. புஷ்பமும் நன்றாகச் சிரித்தாள். ஜெயபாண்டி மட்டும், "சிலைக்குப் பசிக்காதே" என்று முணுமுணுத்தார். அதை யாரும் மொழிபெயர்த்துக்கொள்ளவில்லை.

பதினோரு மணி வாக்கில் மணிக்கூண்டுக்குப் பின்னால் இருந்த சந்தில் அவள் அந்தக் கடையைப் பார்த்தாள். பலகை மேல் கறுப்புத் துணி, அதன் மேல் கண்ணாடி வளையல்கள். சிவப்பில் பொன் இழை ஓடியது, பச்சையில் நீர் தெரிந்தது. பார்த்ததும் மகளின் கை கண்ணில் வந்துவிட்டது. ஜெயபாண்டி எதிரே இருந்த நீரூற்றுத் திட்டில் உட்கார்ந்து ஆப்பிளைக் கடித்தார். பேரம் என்றால் எவ்வளவு நேரமாகும் என்று அவருக்குத் தெரியும்.

கடைக்காரிக்கு ஐம்பது வயது இருக்கும். ஒடிசலான உடம்பு, நீலத் துணியால் கட்டிய தலை, தூக்கம் கண்டு நாளான கண்கள். டஜன் என்ன விலை என்று புஷ்பம் கேட்டதும் நானூறு யூரோ என்றாள். அந்தத் தொகைக்கு விருதுநகரில் கடைவாசலுக்குக் கூரை போட்டுவிடலாம். புஷ்பம் ஒரு கணம் மகிழ்ந்துபோனாள். இவ்வளவு உயரத்திலிருந்து ஒரு விலையை இறக்கும் வாய்ப்பு அவளுக்கு வெகுநாளாகக் கிடைக்கவில்லை.

"இருபது" என்றாள்.

"அப்படியானால் உங்களுக்கு இது வேண்டாம். அடுத்த தெருவில் இதே வளையல் இருபதுக்குக் கிடைக்கும். அங்கே போங்கள்."

புஷ்பம் திகைத்தாள். நாற்பது வருஷமாகக் கடைத்தெருவில் வளர்ந்தவள் அவள். வந்த ஆளை அடுத்த கடைக்கு அனுப்பும் வியாபாரியை அவள் பார்த்ததே கிடையாது. இது ஏதோ புது மாதிரி வித்தை என்று நினைத்தாள். அடுத்த காயை நகர்த்தினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு பத்தடி நடந்தாள். எந்த ஊர்க் கடைக்காரரும் ஏழாவது அடிக்குள் கூப்பிட்டுவிடுவார்கள்.

பத்தடியும் முடிந்தது. கூப்பிடவில்லை. திரும்பிப் பார்த்தாள். கடைக்காரி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள், ஏதோ ஒரு வண்டி மோதாமல் கடந்து போகட்டும் என்று காத்திருப்பவள் மாதிரி.

"போவோம் வா புஷ்பம். வேறு கடை இல்லையா?" என்றார் ஜெயபாண்டி.

"இருங்க."

கூப்பிடாத கடைக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக அவளே திரும்பிப் போனாள். அதைப் பார்த்த கடைக்காரியின் முகத்தில் வந்தது சந்தோஷம் இல்லை. பயம்.

"வேண்டாம் என்று நான் சொன்னேன், இல்லையா?"

"சொன்னீங்க."

"இப்போதும் சொல்கிறேன். வேண்டாம், போய்விடுங்கள்."

"அதெல்லாம் இருக்கட்டும். கடைசி விலை சொல்லுங்க."

கடைக்காரி நீரூற்றின் பக்கம் பார்த்தாள், பிறகு எதிர்க்கடையில் கடிகாரம் பழுதுபார்த்துக்கொண்டிருந்த முதியவரைப் பார்த்தாள். அவர் தலையைத் தூக்கவில்லை. "உட்காருங்கள். முப்பது" என்றாள்.

நானூறிலிருந்து முப்பதுக்கு ஒரே குதி. பாத்திரக்கடைக்காரி புஷ்பத்துக்குச் சந்தேகம் தட்டியது. அப்படி இறங்கி வருகிறவன் வேறு எதையோ விற்கிறான் என்று அவளே கடைப்பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். ஆனால் வளையல் வாங்க வந்த புஷ்பத்துக்கு மனம் நிறைந்திருந்தது. அன்று ஜெயித்தது வாங்க வந்தவள்தான்.

யாருக்கு என்று கேட்டாள் கடைக்காரி. மகளுக்கு, அவளுக்கும் என் கை அளவுதான், ஏழாம் மாசம் வளையல் அடுக்குவோம் என்றாள் புஷ்பம். வளையல் ஏற்றச் சோப்புக் கிண்ணத்துக்குப் போன கடைக்காரியின் கை நின்றது. கொஞ்ச நேரம் அப்படியே நின்று, பிறகு மெல்லக் கிண்ணத்தை இழுத்தது.

பட்டை இருந்தால் வளையல் ஏறாது. கடைக்காரி புஷ்பத்தின் பட்டையைக் கழற்றித் துணிமேல் வைத்தாள். சோப்புத் தண்ணீர் படும் என்று தன் பட்டையையும் கழற்றிப் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் ஒரே சாம்பல் நிறம். பிறகு புஷ்பத்தின் கையை மடக்கி, எலும்பு நோகாமல், ஒவ்வொன்றாக ஏற்றினாள். பன்னிரண்டும் ஏறியது ஒரு நிமிஷத்துக்குள். அளவு கச்சிதம். உடனே உருவி எடுத்துத் தாளில் சுற்றினாள், கையைத் துடைத்துவிட்டாள், பட்டையையும் அவளே கட்டிவிட்டாள்.

"மத்தியானம் இந்தச் சந்தில் வெயில் நேராக விழும். தண்ணீர் குடிக்க மறக்காதீர்கள்" என்றாள்.

என்ன மரியாதையான பொம்பளை என்று நினைத்துக்கொண்டு புஷ்பம் எழுந்தாள். நீரூற்றைத் தாண்டி அடுத்த தெருவுக்குப் போனபிறகுதான் ஞாபகம் வந்தது. முப்பது யூரோவைக் கடைக்காரி வாங்கவே இல்லை.

"திரும்பப் போய்க் குடுத்துட்டு வா" என்றார் ஜெயபாண்டி. அவர் அந்த விஷயத்தில் மட்டும் பேரத்துக்கு வரமாட்டார்.

போனாள். கறுப்புத் துணியும் வளையல்களும் அப்படியே கிடந்தன. சோப்புக் கிண்ணத்தில் நுரைகூட அடங்கவில்லை. ஆளைக் காணோம். சாமானைத் திறந்துபோட்டுவிட்டு எழுந்துபோகும் கடைக்காரியையும் அவள் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள். கடிகாரக்காரரிடம் எங்கே என்று கேட்டாள். அவர் ஒரு சின்ன சக்கரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அதற்குப் பிறகு ஊர் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது.

முதலில் ஒரு குடும்பம் அவளைப் படம் எடுத்தது. சேலை கட்டிய பெண்ணை வெளிநாட்டில் படம் எடுப்பது புதிதில்லை. ஆனால் அவர்கள் அவளைக் கேட்கவில்லை, கல்தூணை எடுப்பதுபோல எடுத்தார்கள். அப்போது காதில் பட்டையின் குரல் வந்தது. "விருந்தினர் படம் எடுக்கிறார். சிரிக்கவும்." சுற்றுலாக்காரர்களின் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துவைத்தாள். அரைமணி நேரத்தில் அது ஆறு தடவை சொல்லிவிட்டது. ஆறாவது தடவை அவள் சிரிக்கவில்லை. பட்டை லேசாகச் சுட்டது.

அருங்காட்சியகத்தில் ஜெயபாண்டிக்குக் கதவு திறந்தது, அவளுக்குத் திறக்கவில்லை. சாப்பாட்டுக் கடையில் அவருக்கு நாற்காலி போட்ட பணியாள், அவளைப் பார்த்துப் பின்கட்டைக் கை காட்டினான். மகளைக் கூப்பிட முயன்றாள். அந்தச் சேவை உங்களுக்கு இல்லை என்றது பட்டை. கழற்றிவிடலாம் என்று கொக்கியைத் தேடினாள். கப்பலில் கொடுத்த பட்டையில் கொக்கி உள்பக்கம் இருந்தது. இதில் வெளிப்பக்கம்.

கையைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு, கப்பலுக்குப் போயிடுவோங்க என்றாள். குரலைக் கேட்டு ஜெயபாண்டி கையிலிருந்த ஆப்பிளைக் கீழே வைத்தார்.

கோட்டை வாசலில் அவர் தாண்டியதும் பச்சை விளக்கு எரிந்தது. அவள் கால் வைத்ததும் சிவப்பு. "எண் 2214, வளையல்காரி. உள்ளே திரும்பவும்" என்றது சுவர். அத்தனை பேர் முன்னால் அத்தனை பொறுமையாகச் சொன்னது.

வாசல் அதிகாரி இருவரையும் தன் அறைக்குள் அழைத்து, தண்ணீர் கொடுத்து, முழுக்கதையும் குறுக்கிடாமல் கேட்டார். நரைத்த மீசை, சுத்தமான மேசை. புஷ்பம் பேசி முடித்ததும் திரையைப் பார்த்துச் சொன்னார்.

"தங்கபுஷ்பம் பதினொன்று ஐம்பத்திரண்டுக்குக் கப்பலேறிவிட்டார். இப்போது அறையில் தூங்குகிறார். நாடி சீராக இருக்கிறது."

"இந்தா நிக்கிறாளே, இவதான் என் பொண்டாட்டி. முப்பது வருஷமா பாக்கிற முகம் எனக்குத் தெரியாதா?" என்றார் ஜெயபாண்டி.

"முகமா? போன மாதம் ஒரே முகத்தோடு நான்கு பேர் இந்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள் ஐயா." அதிகாரி பெருமூச்சு விட்டார். பிறகு புஷ்பத்தின் பக்கம் திரும்பினார். "நீங்கள் வியாபாரி என்கிறீர்கள். உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். நீங்கள் சொல்வதை நான் நம்பினால், அந்தக் கப்பல் பாரம்பரியச் சின்னத்தைக் கடத்துகிறது. அதைப் பிடித்து வைக்க வேண்டும். ஆயிரம் பயணிகள் இங்கே நிற்பார்கள், கம்பெனி வழக்குப் போடும், வாரியம் என்னைக் கேட்கும். நம்பாவிட்டால், உள்ளே 2400 சரியாக இருக்கிறது. கப்பலில் ஆள் சரியாக இருக்கிறது. எது மலிவு?"

அந்த மேசைக்குப் பின்னால் தான் உட்கார்ந்திருந்தாலும் இதே கணக்கைத்தான் போட்டிருப்போம் என்று தெரிந்ததுதான் புஷ்பத்தை அதிகம் பயமுறுத்தியது. மனுப் போடலாம், வாரியம் வருஷத்துக்கு ஒருமுறை கூடும், போன மாதம்தான் கூடியது என்று அதிகாரி இதமாகச் சொன்னார்.

ஜெயபாண்டி எழுந்தார். நான் போய் அந்தப் பொம்பளையைக் கையோடு இழுத்துட்டு வர்றேன், பத்தே நிமிஷம் என்றார். போகாதீங்க என்று சொல்ல வாய் எடுத்தாள். ஆனால் வேறு வழியும் தெரியவில்லை. "சீக்கிரம் வாங்க" என்றாள். வளையல் பொட்டலத்தை அவர் கையில் கொடுத்தாள். ஏன் கொடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது.

நான்கு மணிக்கு மேல் ஏறினவர்கள் இறங்க முடியாது என்பது கப்பல் விதி. அதை அவர் ஏறியபிறகுதான் சொன்னார்கள். ஐந்து மணிக்குச் சங்கு ஊதியது. சன்னல் வழியாக அவள் பார்த்தாள். ஜெயபாண்டி மேல்தளத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டு கைகளையும் ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற பயணிகளும் ஊருக்கு விடைகொடுத்துக் கையாட்டிக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு தூரத்திலிருந்து பார்க்க எல்லாக் கைகளும் ஒன்றுபோலவே இருந்தன.

மறுநாள் காலை பட்டை அவளை ஏழு மணிக்கு எழுப்பியது. வளையல் கடைக்குப் பின்னால் ஓர் அறை, ஒரு கட்டில், ஆணியில் ஒரு நீலத் துணி. கடை திறக்காமல் படுத்திருந்தால் பட்டை சுட்டது. திறந்தாள். எதிர்க்கடைக் கடிகாரக்காரர், அவர் பெயர் தோமா, பாதி ரொட்டியைக் கொண்டுவந்து வைத்தார்.

"கொஞ்சம் சாப்பிடு இரேனா."

"என் பேரு இரேனா இல்ல."

"அவள் பெயரும் இரேனா இல்லை. எட்டு மாதத்துக்கு முன் ஏதோ குளிர்தேசத்திலிருந்து கப்பலில் வந்தாள். அவளுக்கு முன்னால் இருந்தவளுக்கும் வேறு ஏதோ பெயர். முதலில் கடை வைத்தவள் இரேனா. கடைக்கு அதுதான் பெயர்."

அவர் அவள் முகத்தைப் பார்க்காமலே சொல்லிக்கொண்டு போனார். உன் கணவர் கப்பலில் கத்துவார், நாடி சரியாக இருக்கிறதே என்பார்கள். அந்தப் பெண் அடுத்த துறைமுகத்தில் இறங்கிக் கூட்டத்தோடு போய்விடுவாள். தங்கபுஷ்பம் தானாக இறங்கிப் போனாள் என்று எழுதிக்கொள்வார்கள். அப்புறம் உன்னைத் தேடுவார்கள். அந்த ஊரில்.

"உங்களுக்கு எல்லாம் தெரியும். நேத்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றாள் புஷ்பம்.

"சொல்லியிருந்தால் எனக்கு ரொட்டி நின்றிருக்கும். அது ஒன்று." தோமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இன்னொன்று, நீயும் ஒருநாள் யாரையாவது உட்கார வைப்பாய். அன்றைக்கும் நான் பேசமாட்டேன். அது உனக்காக."

நான் அப்படிச் செய்ய மாட்டேன் என்றாள்.

"அவளும் அதைத்தான் சொன்னாள். எட்டு மாதம் ஒவ்வொரு கப்பலுக்கும் நானூறு என்றாள். யாரும் வாங்கிவிடக் கூடாது என்றுதான். எல்லாரும் சிரித்துவிட்டுப் போனார்கள். நேற்று ஒருத்தி போகவில்லை."

அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. இருந்தாலும் புஷ்பம் அன்று முழுக்கத் தலைநிமிரவில்லை. தப்பித்துப் போ என்று ஒருத்தி கதறியதை, விலை பேசும் தந்திரம் என்று எண்ணித் தோற்கடித்திருக்கிறாள் அவள்.

பதினோரு நாள் கப்பல் எதுவும் வரவில்லை. அவள் நாள் எண்ணினாள். வளைகாப்புக்கு இன்னும் பதினோரு நாள். இந்நேரம் வினோதினி மனைப்பலகை, மஞ்சள், ஐந்து வகைச் சாதம் என்று ஏற்பாடு செய்திருப்பாளா, அல்லது அப்பாவின் போனைக் கேட்டு அழுதுகொண்டிருப்பாளா? முதல் வளையலைப் போடுவது தாய்தான். ஏழு மாத வயிற்றோடு அழக்கூடாது. யாராவது அவளுக்கு அதைச் சொல்ல வேண்டும்.

பன்னிரண்டாம் நாள் சங்கு ஊதியது. புஷ்பம் நீலத் துணியைத் தலையில் கட்டவில்லை, பட்டை சுட்டது, கட்டிக்கொண்டாள். மணிக்கூண்டைச் சுற்றி விருந்தினர் வரத் தொடங்கினார்கள். விலை கேட்டவர்களிடமெல்லாம் நானூறு என்றாள். ஒரு கிழவர் விசிலடித்துவிட்டு நகர்ந்தார். இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் இடித்துச் சிரித்தார்கள். ஒவ்வொருவர் போனபோதும் அவளுக்கு மூச்சு வந்தது. நல்லவளாக இருப்பது இவ்வளவு சுலபமா என்றுகூட நினைத்தாள்.

மதியத்துக்குச் சற்று முன் அகலத் தொப்பி போட்ட ஒரு பெண் வந்தாள். நாற்பது வயதிருக்கும், வெயிலில் சிவந்த மூக்கு, கலகலப்பான கண்கள். தோழி ஒருத்தி நீரூற்றில் காலை நனைத்துக்கொண்டு அவளை அவசரப்படுத்தினாள். நானூறு என்று கேட்டதும் தொப்பிக்காரியின் கண் பளிச்சென்றது. அந்தப் பளிச்சைப் புஷ்பத்துக்கு நன்றாகத் தெரியும்.

"பதினைந்து" என்றாள்.

வேண்டாம், அடுத்த தெருவில் மலிவாகக் கிடைக்கும், அங்கே போங்கள் என்றாள் புஷ்பம். தொப்பிக்காரி உதட்டைப் பிதுக்கிக்கொண்டு திரும்பி நடந்தாள். ஓரடி, இரண்டடி. கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கும் முதுகு அது. அந்த முதுகுக்குள் என்ன ஓடுகிறது என்று அவளால் வரிவரியாகப் படிக்க முடிந்தது. கூப்பிடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஏழாவது அடியில்தான் அவளுக்கு விளங்கியது. வியாபாரத்தில் பழகிய மூளைக்கு இது முதல் நாளே விளங்கியிருக்க வேண்டும். நானூறு என்பது ஆளை விரட்டுகிற விலை இல்லை. போகிறவர்கள் போய்விடுவார்கள், சரி. ஆனால் போகாத ஒருத்தியை அது பொறுக்கி எடுத்துக் கொடுக்கும். அப்புறம் காலம் பூராவும் சொல்லிக்கொள்ளலாம், வேண்டாம் என்று சொன்னேனே, அவள்தான் கேட்கவில்லையே என்று. அந்தக் குளிர்தேசத்துக்காரி எட்டு மாதம் விற்றது வளையலை இல்லை. பழியில் பாதியை வாங்கிக்கொள்ளும் ஆளுக்காகக் காத்திருந்தாள்.

இது தெரிந்தபிறகு எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம். பட்டை சுடும். சுடட்டும். அவள் எழக்கூடச் செய்தாள்.

பத்தாவது அடியில் தொப்பிக்காரி நின்று திரும்பிப் பார்த்தாள். தோழி வா என்று கத்தினாள். இரு என்று கையைக் காட்டிவிட்டுச் சிரித்தபடி வந்தாள்.

"வேண்டாம் என்று சொன்னேன், இல்லையா?" என்றாள் புஷ்பம். தன் குரலில் வேறு யாரோ பேசுவதுபோல் இருந்தது.

"சொன்னீர்கள். அதெல்லாம் எனக்குத் தெரியும். கடைசி விலை சொல்லுங்கள்."

வளைகாப்பு நாளன்று விருதுநகரில் மனைப்பலகையில் உட்கார்ந்து ஒரு பெண் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். புஷ்பம் மெல்ல உட்கார்ந்தாள். சோப்புக் கிண்ணத்தைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

எதிரே தோமா, நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு கடிகாரத்தை எடுத்து, திறந்து, குனிந்து பழுதுபார்க்கத் தொடங்கினார்.